விசுவாசமும் சந்தேகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளியும், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பும் நடத்திவருகிறேன். வகுப்பில் வாய்விட்டுக் கேட்கத் தயங்கிய பிள்ளைகள் காணிக்கைக் கவரின் பின்பக்கத்தில் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்த கேள்விகளும், துக்க வீட்டுத் திண்ணையிலும் பஸ் நிறுத்தத்திலும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையாரும் எந்தச் சபைக்கும் போகாதவர்களும் உண்டு. வேத வசனங்கள் நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை.

டீச்சர், கடவுளைக் கேள்வி கேட்டா பாவமா?

பாவமில்லை. பாவம் என்று வைத்துக்கொண்டால் வேதாகமத்தில் பல பக்கங்களைக் கிழித்துவிட வேண்டியிருக்கும். சோதோம் அழியப்போகிறது என்று அறிந்த ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கர்த்தருக்கு முன்பாக நின்றுகொண்டே கேட்டு, ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துப் பேர் வரைக்கும் இறங்கிவந்து வழக்காடினான். ஆபகூக்கின் புத்தகம், நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்ற முறையீட்டோடுதான் தொடங்குகிறது. பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்தில் இயேசுவைப் பெற்றோர் கண்டுபிடித்தபோது, அவர் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டும் அவர்களை வினாவிக்கொண்டும் இருந்தார்.

நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும், திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்னும் பாடநூலும் கேள்வி பதிலாகவே அமைந்தது. 1529ஆம் ஆண்டு எழுதப்பட்ட அந்தச் சிறு நூலில் ஒவ்வொரு கற்பனைக்கும் (கட்டளைக்கும்) பின் இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பரிசு கொடுத்துவிட்டு, அதே பிள்ளை சொந்தமாக ஒரு கேள்வி கேட்டால் உட்காரச் சொல்லும் வழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

சந்தேகம் வந்துட்டாலே அவிசுவாசி ஆயிட்டோம்னுதானே அர்த்தம்?

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பினால் துன்புறும் மகனைக் கொண்டுவந்த தகப்பனை நினைத்துப் பாருங்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அவன் கண்ணீரோடு கதறினான். இரண்டும் ஒரே மனிதனுக்குள், ஒரே மூச்சில் இருக்கின்றன. அந்த அவிசுவாசத்தை முதலில் நீக்கிக்கொண்டு பிறகு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அன்றே, அந்த இடத்திலேயே பிள்ளை குணமானான். கத்தோலிக்கத் திருச்சபை 1992இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும், தெரிந்தே விசுவாசத்தை ஒதுக்கித் தள்ளுவதையும், மனதில் தானாக எழும் தயக்கத்தையும் ஒன்றாக வைக்காமல் பிரித்தே பேசுகிறது.

சிறிய ஞானோபதேசத்தில் விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு லுத்தர் எழுதிய விளக்கம், என் சொந்தப் புத்தியினாலோ பலத்தினாலோ நான் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவும் அவரிடம் வரவும் முடியாது என்று நம்புகிறேன், பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்ற பொருளில் தொடங்குகிறது. விசுவாசம் நம்முடைய சாதனை அல்லவென்றால், அது தளரும் நாளை நம்முடைய தேர்வுத் தோல்வியாகக் கணக்கிட வேண்டியதில்லை.

அப்படின்னா தோமாவை ஏன் இயேசு திட்டினார்?

உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைப் பார்த்துத் தொடாமல் நம்பமாட்டேன் என்று சொன்ன சீஷன் தோமா. அவனை இயேசு திட்டினார் என்று நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். ஞாயிறு பள்ளிப் படங்களில் தோமா தலைகுனிந்து நிற்பதைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணம் அது. யோவான் 20ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், மற்றச் சீஷர்களுக்கு ஏற்கெனவே காட்டிய கைகளையும் விலாவையுமே இயேசு தோமாவுக்கும் காட்டினார் என்பது தெரியும். அவர்கள் கேட்காமலே பெற்றதைத் தோமா கேட்டுப் பெற்றான். உயிர்த்தெழுந்த செய்தியைப் பெண்கள் வந்து சொன்னபோது அதை வீண்பேச்சென்று எண்ணி நம்பாமற்போனவர்களும் அந்த மற்றச் சீஷர்களே என்று லூக்கா 24 சொல்கிறது. ஆனாலும் பட்டப்பெயர் தோமாவுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு என்பது கண்டிப்பான சொல்தான், மறுக்கவில்லை. அது காயங்களை நீட்டிக் காட்டியபடியே சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் முக்கியமாகப் படுவது இடைப்பட்ட அந்த எட்டு நாட்கள். நான் நம்பமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்ன ஒருவன், நம்பிய பத்துப் பேரோடு எட்டு நாள் கழித்தும் அதே வீட்டில் இருக்கிறான். அவனும் கோபித்துக்கொண்டு போகவில்லை, அவர்களும் அவனை வெளியே அனுப்பவில்லை. தோமா அந்த வீட்டில் இல்லாதிருந்தால் "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கையும் இல்லை. தென்னிந்தியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டுவந்து பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தவர் என்று மரபு சொல்வதும் இதே தோமாவைத்தான்.

சகரியா கேட்டா ஊமையாக்கிட்டாங்க, மரியாள் கேட்டா நல்லா பதில் சொன்னாங்க. இது ஓரவஞ்சனை இல்லையா டீச்சர்?

நல்ல கேள்வி. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி லூக்கா முதலாம் அதிகாரத்தில் விரலை வைத்துக்கொண்டே கேட்டது. பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் வந்து சொன்னபோது இருவருமே கேள்வி கேட்டார்கள், சகரியா மட்டும் பேச்சிழந்தான். வழக்கமாகச் சொல்லப்படும் பதில், சகரியா அத்தாட்சி கேட்டான், மரியாள் எப்படி நடக்கும் என்று வழி கேட்டாள் என்பது. அதில் உண்மை இருந்தாலும் அது முழுப் பதிலாகாது. ஏனென்றால் "எதினால் அறிவேன்" என்று சகரியா கேட்ட அதே கேள்வியை ஆதியாகமம் 15இல் ஆபிரகாமும் கேட்டான். அவனுக்குத் தண்டனை கிடைக்கவில்லை, உடன்படிக்கை கிடைத்தது.

ஆகவே இன்ன சொற்களில் கேட்டால் தப்பு, இன்ன சொற்களில் கேட்டால் சரி என்ற சூத்திரம் எதையும் இதிலிருந்து எடுக்க முடியாது. சகரியா ஆசாரியன், முதிர்வயதில் பிள்ளை பெற்ற ஆபிரகாம் சாராள் கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவன். அவனிடம் கூடுதலாக எதிர்பார்க்கப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த மௌனமும் தள்ளிவிடுதல் அல்ல. சொன்னபடியே பிள்ளை பிறந்தது, சகரியாவின் வாயும் திறந்தது, அந்த வாயிலிருந்து வந்த துதிப்பாட்டு இன்றும் சபைகளில் ஜெபமாக இருக்கிறது.

யாக்கோபு நிருபத்துல சந்தேகப்படுறவன் கடல் அலை மாதிரின்னு இருக்கே?

இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்றும், அவர் "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்றும் யாக்கோபு முதலில் எழுதுகிறார். தெரியவில்லை என்று வந்து கேட்பவனைக் கடிந்துகொள்ளாத தேவனைக் காட்டிவிட்டுத்தான் அலையைப் பற்றிப் பேசுகிறார். அவர் கண்டிப்பது இருமனமுள்ளவனை: ஒரு பக்கம் ஜெபித்துவிட்டு, மறுபக்கம் இது நடக்காது என்று வேறொரு கதவையும் திறந்து வைத்திருப்பவனை. விடை தெரியாமல் தவிக்கிறவனைப் பயமுறுத்துவதற்காக அந்த வசனம் எழுதப்படவில்லை.

எங்க பையனுக்கு உடம்பு சரியாகலைங்க. உங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு ஜெபக்கூட்டத்துல சொல்லிட்டாங்க.

இதைக் கேட்ட தாய்மார்கள் பலர். முதலில் மருந்து மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். வலிப்புக்கும் காசநோய்க்கும் சர்க்கரைக்கும் தரும் மருந்தை இடையில் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதை நிறுத்தச் சொல்லும் எவரும் உங்கள் பிள்ளைக்கு நன்மை செய்யவில்லை.

அடுத்ததாக, அப்படிச் சொல்வதற்கு வேதத்தில் ஆதாரம் போதாது. மேலே சொன்ன மாற்கு 9 தகப்பனின் மகன் குணமானது, அவனுடைய விசுவாசம் குறைவில்லாமல் இருந்ததனால் அல்ல. நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கிய திமிர்வாதக்காரன், சுமந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டு குணமாக்கப்பட்டான். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே வந்தது. அதே பவுல், தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறார். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்கிறார். அப்போஸ்தலனுக்கும் அவரோடு ஊழியம் செய்தவர்களுக்கும் விசுவாசம் பற்றவில்லை என்று நம்மில் யார் சொல்வோம்? பிள்ளையின் நோயைச் சுமக்கும் தாயின் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவைப்பது ஊழியமே அல்ல.

நம்ம ஊரு தண்ணியைக் குடிச்சே பல்லு இப்படி ஆயிடுச்சு. தண்ணியைப் படைச்சவரும் அவர்தானே?

திடப்படுத்தல் வகுப்பில் இதைக் கேட்ட பெண், கேட்டு முடிக்கும்வரை துப்பட்டாவின் முனையை வாயிலிருந்து எடுக்கவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழுப்புக் கோடுகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நம் நிலத்தடிப் பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து புளோரைடு தண்ணீரில் கரைகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டும் இடங்களில், பல்லின் மேற்பூச்சு உருவாகும் சிறு வயதில் அதைக் குடித்துவரும் பிள்ளைகளின் பற்களில் கறை படிகிறது. அளவு இன்னும் கூடி, ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகின்றன.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. யார் செய்த பாவம் என்பது ஒன்று. பிறவிக் குருடனைக் கண்டு சீஷர்கள் அதையே கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு அறுத்துச் சொன்னார் (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்ற எண்ணத்தை மறுத்தார் (லூக்கா 13). ஆகவே உன் பல்லின் கறைக்கும் உன் வீட்டாரின் பாவத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்தப் பெண்ணிடம் தயங்காமல் சொன்னேன்.

இரண்டாவது கேள்வி, நல்லவரான தேவன் இப்படி ஒரு பாறையை எங்கள் ஊருக்குக் கீழே ஏன் வைத்தார் என்பது. இயற்கையின் விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இயங்குவதாலேயே நாம் வாழ முடிகிறது, அதே விதிகளினால் தீங்கும் நேர்கிறது என்று அறிஞர்கள் சொல்வார்கள். அது அறிவுக்குச் சரியாகப் படலாம். வாயை மூடிக்கொண்டு பேசும் பிள்ளைக்கு அதனால் ஆறுதல் கிடைக்காது. காவிரித் தண்ணீரை இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. உங்கள் தெருக்குழாயில் அந்தத் தண்ணீர் வருகிறதா, வராத நாளில் குழந்தைகள் எதைக் குடிக்கிறார்கள் என்று விசாரிப்பது சபையின் வேலை. தேவன் ஏன் விட்டார் என்று விவாதித்துவிட்டு, குழாயைப் பற்றிக் கேட்காமலே கலைந்துபோகும் கூட்டம் எனக்கு ஒப்பில்லை.

யோபு அவ்வளவு கேட்டும் கடவுள் காரணமே சொல்லலையே?

சொல்லவில்லை, உண்மை. எல்லாவற்றையும் இழந்து ஏன் என்று கேட்ட யோபுவிடம் 38ஆம் அதிகாரம் முதல் தேவன் பேசுகிறார். ஆனால் அவரும் கேள்விகளையே கேட்கிறார். முதல் இரண்டு அதிகாரங்களில் வாசகனுக்குத் தெரிவிக்கப்பட்ட காரணம் யோபுவுக்குக் கடைசிவரை தெரிவிக்கப்படவில்லை.

ஆனால் 42ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனத்தைப் பெரும்பாலோர் கடந்துபோய்விடுகிறார்கள். தேவனுக்காக வாதாடிய மூன்று சிநேகிதர்களின் மேல் தேவன் கோபப்பட்டு, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். அவர்கள் சொன்னதெல்லாம் பக்தியான வார்த்தைகள். துன்பம் வந்தால் பாவம் இருக்கும், மனந்திரும்பு என்பதே அதன் சாரம். யோபுவோ பிறந்த நாளைச் சபித்தான், வழக்காட வேண்டும் என்றான். ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: சிநேகிதர்கள் தேவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், யோபு மட்டும்தான் திரும்பத் திரும்பத் தேவனிடமே பேசினான். ஜெபக்கூட்டத்தில் விசுவாசம் பற்றவில்லை என்று சொன்னவர்களுக்கு நான் வாசிக்கக் கொடுக்க விரும்பும் வசனம் இது.

ஜெபம் பண்ணவே வரமாட்டேங்குது. காலியா இருக்கு. பெரிய பக்தங்களுக்கெல்லாம் இப்படி இருக்குமா?

இருந்திருக்கிறது. அன்னை தெரேசா தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோது, கொல்கத்தாவின் ஏழைகள் நடுவே பணியைத் தொடங்கிய காலம் முதலே ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் தேவனின் பிரசன்னத்தை உணராத இருளில் அவர் இருந்தது வெளியே தெரிந்தது. 1897இல் இருபத்துநான்கு வயதில் காசநோயால் இறந்த பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ குழந்தை இயேசுவின் தெரேசா, கடைசி ஒன்றரை ஆண்டு காலம் மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டில் தவித்ததாக எழுதிவைத்திருக்கிறார். லுத்தரும் இத்தகைய மனப்போராட்டங்களால் பலமுறை தாக்குண்டவர்.

சொந்த வார்த்தை வராதபோது சங்கீதம் 88ஐ எடுத்து வாசியுங்கள். மற்ற முறையீட்டுச் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. சிநேகிதரும் தோழரும் விலகிப்போய், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலான கடைசி அடி ஒன்றைச் சேர்த்துவைக்கவில்லை. வாசித்த பிறகும் காலியாகவே இருந்தால், அன்றைய ஜெபம் அதுவே. தூக்கமும் பசியும் பல வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரையும் பாருங்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம்.

கிதியோன் மாதிரி அடையாளம் கேட்கலாமா? புது வருஷ வாக்குத்தத்த அட்டையில வந்தது பொய்யாயிடுச்சுன்னா?

கிதியோன் ஆட்டுத்தோலைத் தரையில் போட்டு, பனி அதில் பெய்கிறதா என்று இரண்டு தடவை தேவனைச் சோதித்ததை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே அவன், "கர்த்தர் எங்களோடே இருந்தால், இவையெல்லாம் எங்களுக்கு நேரிடுவானேன்" என்று நேருக்கு நேர் கேட்டதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விக்காக அவன் கண்டிக்கப்படவில்லை. உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ என்று அனுப்பப்பட்டான். தோல் விஷயத்தில் தேவன் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக அதை நமக்கு விதியாக்க முடியாது. கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்ற வசனத்தை இயேசுவே வனாந்தரத்தில் எடுத்துச் சொன்னார்.

வருடத்துக்கு ஒரு வசனம் என்று எடுத்துக்கொள்ளும் வாக்குத்தத்த அட்டை ஜனவரி முதல் தேதியில் உற்சாகம் தரும் வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பாபிலோனில் சிறையிருந்த ஜனத்துக்கு எரேமியா எழுதிய வரியை, இந்த வருடம் ஓசூரில் கம்பெனி வேலை கிடைக்கும் என்று வாசித்துவிட்டு, கிடைக்காதபோது தேவன் பொய் சொன்னார் என்றால், அவர் சொல்லாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்குகிறோம்.

நாலு சுவிசேஷத்துலயும் ஒண்ணுக்கொண்ணு மாறி இருக்கே, எதை நம்பறது?

மாறித்தான் இருக்கிறது. யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். கல்லறைக்குப் போன பெண்கள் மாற்கில் மூவர். யோவானில் மகதலேனா மரியாளின் பெயர் மட்டும். மத்தேயுவின் வம்ச வரலாறும் லூக்காவின் வம்ச வரலாறும் தாவீதுக்குப் பிறகு வெவ்வேறு வழியில் போகின்றன. கல்லூரியில் இணையத்தில் இதைக் கண்டுபிடித்து அதிர்ந்துபோகும் பிள்ளைகளுக்கு இது புதிது, சபைக்குப் புதிதல்ல.

இரண்டாம் நூற்றாண்டிலேயே தாத்தியான் என்பவர் நான்கையும் ஒரே கதையாக இணைத்து ஒரு நூல் செய்தார். சீரிய மொழிச் சபைகளில் அது நெடுங்காலம் வழிபாட்டில் வாசிக்கப்பட்டது. இருந்தும் ஐந்தாம் நூற்றாண்டில் அந்தச் சபைகளே அதை விலக்கிவிட்டு, ஒன்றோடொன்று முழுதும் ஒட்டாத நான்கு தனிச் சுவிசேஷங்களுக்குத் திரும்பின. வேறுபாட்டை மறைக்க நினைத்தவர்களுக்கு வழி இருந்தது; மறைக்கவில்லை. சில வேறுபாடுகளுக்கு இணக்கமான விளக்கம் உண்டு, சிலவற்றுக்கு வலிந்து சொல்லும் விளக்கம்தான் உண்டு. வலிந்து சொல்வதைவிட, நான்கு பேர் நான்கு விதமாகச் சாட்சி சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வதே எனக்கு நேர்மையாகப் படுகிறது.

ஆறு நாள்ல உலகம் உண்டாச்சா? சயின்ஸ் டீச்சர் வேற சொல்றாங்க.

அறிவியல் டீச்சர் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். ஆதியாகமத்தின் நாட்களை நம் இருபத்துநான்கு மணி நேர நாட்களாகத்தான் எடுக்க வேண்டுமா என்று ஆதித் திருச்சபையின் அறிஞர் அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டிலேயே விசாரித்தார்; வானம், பூமி பற்றி அறிந்த அவிசுவாசிகள் முன்னால் கிறிஸ்தவர்கள் அறியாமையாகப் பேசி வேதத்தையே நகைப்புக்குள்ளாக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். மரபியலின் அடிப்படையைப் பட்டாணிச் செடிகளில் கண்டு 1866இல் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளமிட்ட லெமைத்ர் ஒரு பாதிரியார். ஆறு நாள் என்றே நம்பும் சபைகளும் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களோடு சண்டை வேண்டாம், பரீட்சையில் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள்.

கேள்வி கேட்கிறது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்குக் கீழ்ப்படியறதுதான் அழகுன்னு எங்க தாத்தா சொல்றாரு.

தாத்தாவிடம் மரியாதையாகத் திருக்குறளின் 423ஆம் குறளைச் சொல்லுங்கள்: "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு." எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சபையின் வரலாறே கேள்வியோடு தொடங்கியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, 1712 முதல் தமிழ் அறிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றிக் கேட்டுப் பதில் வாங்கி, அவற்றை ஜெர்மன் மொழியில் அந்நாட்டு ஹாலே நகருக்கு அனுப்பினார். கிறிஸ்தவர்களின் நடத்தையைப் பார்த்தே அவர்களுடைய மார்க்கத்தை ஏற்கத் தயங்குகிறோம் என்று நம் ஆட்கள் தயக்கமில்லாமல் எழுதிய பதில்களும் அவற்றில் உண்டு. நம் கிருஷ்ணகிரியில் 1895இல் லுத்தரன் ஊழியம் தொடங்கியபோதும், இங்கே யாரும் ஒன்றும் கேட்காமல் தலையாட்டியிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

போதகர் ஐயரைக் கேட்டா, ஜெபம் பண்ணு எல்லாம் சரியாயிடும்னு சொல்லி அனுப்பிடறாரு. வேற யாரைக் கேட்கிறது?

விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்பது 1 பேதுரு 3:15. கேட்டவரை அடக்குவது அந்த வசனத்தை மீறுவது; போதகராக இருந்தாலும் அப்படித்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிய பெருநூலில், தேவன் உண்டா என்ற கேள்விக்கு முதலில் வருவது இல்லை என்பவர்களின் வாதம். உலகில் தீமை இருக்கிறதே என்பதையே முதல் தடையாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகுதான் தம் பதிலைத் தொடங்குகிறார்.

போதகரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் நேரத்தில், பின்னால் இருபது பேர் நிற்கும்போது, நரகம் உண்டா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வார நாளில் நேரம் கேட்டு, கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். அப்போதும் பதில் இல்லையென்றால், எனக்குத் தெரியாது என்று சொல்லத் துணிந்த மூத்தவர் ஒருவரைத் தேடுங்கள். அவர் வேறு சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் பரவாயில்லை.

பெங்களூர்ல வேலைக்குப் போன பொண்ணு, இனிமே சர்ச்சுக்கு வரமாட்டேன்னு சொல்லுதும்மா. என்ன பண்றது?

முதலில் அவள் என்ன கேட்கிறாள் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தேவன் இருக்கிறாரா என்று அவள் கேட்பதாகப் பெற்றோர் நினைத்துக்கொண்டிருப்பார்கள்; பிள்ளையிடம் பேசிப் பார்த்தால் வேறொன்று வெளிவரும். ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம், வரன் பார்க்கும்போது மட்டும் ஏன் சாதி கேட்கிறோம் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். சபைத் தேர்தலில் அடிதடி நடந்ததைப் பார்த்தபிறகு பிரசங்கம் காதில் ஏறவில்லை என்றான் ஒரு பையன். சீகன்பால்குவுக்கு வந்த கடிதங்களில் இருந்ததும் இதே வகைத் தடைதான். இத்தகைய சந்தேகத்துக்கு வசனம் பதிலாகாது. நாம் நம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அம்மா அழுகிறாள், பாட்டி சாகும்வரையாவது வா என்று கட்டாயப்படுத்தி உட்காரவைத்தால், வருவது உடம்பு மட்டுமே. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வரும்போது, சர்ச் பேச்சை எடுக்காமல் சாப்பிட வையுங்கள். அவளாகப் பேச்செடுத்தால், பதில் சொல்ல அவசரப்படாமல் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்.

எனக்கே சந்தேகம் இருக்கும்போது திருவிருந்து எடுக்கலாமா? சண்டே ஸ்கூல் நடத்தலாமா?

யோவான்ஸ்நானன் யோர்தானில் இயேசுவைச் சுட்டிக்காட்டியவன். சிறைக்குள் போனபின், "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா" என்று ஆள் அனுப்பிக் கேட்டான். கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போகும்போதே, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் அவனைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார்.

மத்தேயு 28இல், மலையின்மேல் அவரைக் கண்ட பதினொரு பேர் பணிந்துகொண்டார்கள்; "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அடுத்த வசனங்களில் சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை வருகிறது. சந்தேகப்பட்டவர்களை ஒதுக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் அது சொல்லப்படவில்லை. ஆகவே பாடம் நடத்துங்கள். உங்கள் சந்தேகத்தைச் சின்னப் பிள்ளைகள்மேல் இறக்கிவைக்காமல், அவர்கள் கேட்டால் பொய்யும் சொல்லாமல் நடத்துங்கள். திருவிருந்தைப் பொறுத்தவரை, தனக்குத் தேவையில்லை என்று நினைக்கிறவன்தான் யோசிக்க வேண்டும். ஏங்கி வருகிறவன் வரலாம்.

கேட்டுக்கிட்டே போனா கடைசியில விசுவாசமே போயிடாதா?

போகலாம். போனவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் நல்லவர்கள், நேர்மையாகத் தேடியவர்கள். கேள்வி கேட்டால் விசுவாசம் கட்டாயம் பலப்படும் என்று வாக்குக் கொடுப்பது உண்மையாகாது. கேட்காமல் அடக்கிவைத்தவர்களும் ஒருநாள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏன் போனார்கள் என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

யோவான் 6இல் கடினமான உபதேசத்தைக் கேட்டு அநேகர் பின்வாங்கிப்போனபோது, இயேசு அவர்களை ஓடிப்போய்ப் பிடிக்கவுமில்லை, சபிக்கவுமில்லை. மீதியிருந்த பன்னிருவரிடம், நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று கேட்டார். அதற்கு எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று பேதுரு சொல்லவில்லை. யாரிடத்தில் போவோம் என்று அவனும் ஒரு கேள்வியையே கேட்டான்.

இவ்வளவு சொல்றீங்களே டீச்சர், உங்களுக்குச் சந்தேகமே இல்லையா?

உண்டு. 1 சாமுவேல் 15இல் அமலேக்கியரின் புருஷரையும் ஸ்திரீகளையும் பிள்ளைகளையும் குழந்தைகளையும் கொன்றுபோடும்படி சவுலுக்குக் கட்டளை வருகிறது. அந்தக் காலத்து யுத்த மொழி அப்படித்தான் மிகைப்படுத்திப் பேசும் என்கிறார்கள் சிலர். அந்த ஜனத்தின் அக்கிரமம் நிறைந்திருந்தது என்கிறார்கள் சிலர். தேவனுடைய சித்தத்தை அந்நாளைய மனிதர் அரைகுறையாகப் புரிந்துகொண்டார்கள் என்கிறார்கள் வேறு சிலர். முதல் விளக்கத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது; ஆனாலும் குழந்தைகள் என்ற சொல் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதை, பாலுண்ணும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. மூன்றாவதை ஏற்றால், அடுத்து எந்தப் பக்கத்தை அப்படி வாசிப்பது, யார் தீர்மானிப்பது என்ற கேள்வி உடனே எழுகிறது.

சவுலின் கதை பாடத்திட்டத்தில் வரும் மாதத்தில், அந்த வசனத்தைத் தாண்டி வாசிக்கும்படி துணை ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பெரிய வகுப்பில் நான் தாண்டுவதில்லை. வாசித்துவிட்டு, இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை, பெரியவர்கள் சொல்லும் மூன்று பதில்கள் இவை, உங்களுக்கு எது சரியாகப் படுகிறது என்று கேட்கிறேன். அடுத்த வாரம் காணிக்கைக் கவர்களில் வருவது பெரும்பாலும் அந்த அதிகாரத்தைப் பற்றித்தான்.